ஜப்பான் உலையைத் தட்டிப் பார்த்த கதை

உலைக்குச் செங்கல் அடுக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, உங்களில் பாதிப் பேர் டிப்ளமோ, மீதிப் பேர் டிகிரி என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். நான் பத்தாம் வகுப்பை இரண்டு வருடம் படித்தவன். அவ்வளவு பிடித்திருந்தது.

அதற்குப் பிறகு சவூதியிலும் கத்தாரிலுமாக இருபத்தாறு வருடம் எஃகு ஆலைகளில் உலைகளுக்கு உள்சுவர் கட்டினேன். நம் தொழிலை விளக்க அதிகம் வேண்டாம். ஒரு பக்கம் உருகிய இரும்பு, இன்னொரு பக்கம் மனிதர்கள், நடுவில் நாம் அடுக்கிய செங்கல். அதை எப்படி அடுக்குவது என்று உங்கள் மேஸ்திரிமார் சொல்லித்தருவார்கள். சொல்லித்தராமல் திட்டினால் அதையும் பாடமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

நான் ஜப்பானுக்குப் போய் ஒரு பழைய இரும்பு உலையைப் பார்த்துவிட்டு வந்த கதையை உங்களில் சிலர் கேட்டிருப்பீர்கள். கல்யாண வீடு, ஞானஸ்நான வீடு, விமான நிலையம் என்று ஓர் இடம் விடாமல் சொல்லியிருக்கிறேன். ஆனால் எப்போதும் ஜப்பான் வரைக்கும்தான் சொல்வேன். அங்கே நான் கைதட்டல் வாங்கியதோடு கதை முடிந்துவிடும். அதன் பிறகு சவூதியில், தம்மாமில் நடந்ததை எவரிடமும் சொன்னதில்லை. இப்போது ரிட்டயராகிவிட்டேன், இனி எனக்கு யாரும் மெமோ கொடுக்க முடியாது. முழுசாகவே சொல்லிவிடுகிறேன்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. தம்மாமுக்குச் சற்று வெளியே இருந்த எங்கள் ஆலையில் புதிதாக ஓர் உலை வருகிறது என்றார்கள். அதற்கான செங்கல் ஜப்பானில் செய்யப்படுகிறது. கப்பலில் ஏற்றும் முன் இரண்டு பேர் போய்ப் பார்த்து, சரிதான் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வரவேண்டும். ஒருவர் எங்கள் எஞ்சினியர். எகிப்துக்காரர், நெட்டையான மனிதர். ஆலையில் எல்லாரும் அவரை முஹந்திஸ் என்றே கூப்பிடுவோம், அரபியில் எஞ்சினியருக்கு அதுதான் சொல். இன்னொருவர் ஃபோர்மேனான எனக்கு மேலே இருந்த சீனியர் ஃபோர்மேன். அவருடைய பாஸ்போர்ட் முடியப்போகிற நேரம், புதுப்பித்து வருவதற்குள் விமானம் போய்விடும். அப்படித்தான் எனக்கு ஜப்பான் கிடைத்தது. என் திறமையைப் பற்றி நீங்களாக எதுவும் கற்பனை செய்துகொள்ள வேண்டாம்.

நாங்கள் தங்கியிருந்த கேம்பில் செய்தி பரவியதும் ஆளுக்கொரு லிஸ்ட் கொடுத்தார்கள். கேமரா, கைக்கடிகாரம், ஷேவிங் மெஷின், சோறு வேகவைக்கும் குக்கர். என் கீழே வேலை பார்த்த கருப்பையா மட்டும் எதுவும் கேட்கவில்லை. சிவகங்கைப் பக்கத்துக்காரர், அதிகம் பேசமாட்டார். "அண்ணே, அங்கிட்டு செங்கல் எப்படிச் சுடுறாய்ங்கன்னு பாத்துட்டு வந்து சொல்லுங்க" என்றார். இவர் உருப்படமாட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜப்பானில் நான்கு நாள் செங்கல் ஆலையிலேயே கிடந்தோம். எங்களைக் கவனித்துக்கொள்ள கென்ஜி என்ற இளம் எஞ்சினியரை விட்டிருந்தார்கள். மெஷினில் சோதித்த காகிதங்களைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து வைத்தார். முஹந்திஸ் காகிதம் பார்த்தார். நான் என் வழியில் விரல் முட்டியால் செங்கலைத் தட்டிப் பார்த்தேன். நல்ல செங்கல் கணீரென்று பேசும். உள்ளே விரிசலோ பொரிந்த இடமோ இருந்தால் மண்கட்டி மாதிரி மொத்தென்று கேட்கும். அந்தச் செங்கல்கள் கோயில் மணி மாதிரி பேசின. கையெழுத்துப் போட்டோம்.

ஐந்தாம் நாள் ஞாயிறு, ஓய்வு. லிஸ்டை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கீழே இறங்கி வந்தால் கென்ஜி காரோடு நிற்கிறார். "இன்றைக்கு உங்களுக்கு ஒரு விசேஷமான இடம் காட்டப்போகிறேன்" என்றார். என்ன இடம் என்று கேட்டேன். நூற்றைம்பது வருடத்துப் பழைய இரும்பு உலையாம், பழுதுபார்த்து வைத்திருக்கிறார்களாம். சமையல்காரனுக்கு ஒரு நாள் லீவு கொடுத்து அதே நாளில் ஓட்டல் அடுப்படியைச் சுற்றிக்காட்டக் கூட்டிப்போனால் அவன் முகம் எப்படி இருக்கும்? என் முகம் அப்படித்தான் இருந்தது. முஹந்திஸ் அதைப் பார்த்து, காரில் ஏறும்போதே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

நானும் அவரும் பேசிக்கொள்வது பாதி இங்கிலீஷ், பாதி உருது, அவருக்குக் கோபம் வந்தால் அரபி. உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

மலையடிவாரத்தில் ஒரு சிற்றாறு. அதன் கரையில் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டு நின்றன செங்கல் புகைபோக்கிகள். ஒவ்வொன்றும் ஐந்து மாடி உயரம் இருக்கும். சுற்றிலும் இரும்புச் சட்டங்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி இறுக்கியிருந்தார்கள். பூகம்பத்துக்காக என்றார் கென்ஜி. அந்த ஊர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண்மணி ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வந்து சுற்றிக்காட்டுகிறார். நாற்பது வயது இருக்கும், கையில் ஒரு ஃபைல். அவர் ஜப்பானியில் சொல்ல, கென்ஜி இங்கிலீஷில் சொன்னார்.

கதை என்னவென்றால், அந்தக் காலத்தில் பீரங்கி வார்க்க நல்ல இரும்பு வேண்டியிருந்தது. அப்படி ஓர் உலையை அங்கே யாரும் கண்ணால் பார்த்ததில்லை. கையில் இருந்தது டச்சுக்காரர்களின் புத்தகம் ஒன்று. அதைப் படித்து, படத்தைப் பார்த்து, உள்ளூர் மண்ணைச் சுட்டு, கட்டியிருக்கிறார்கள். "செங்கல்லையும் அவங்களே செஞ்சாங்களா?" என்று கேட்டேன். ஆமாம் என்றார் அந்த அம்மா. அப்போதுதான் எனக்குக் கொஞ்சம் முழிப்பு வந்தது. லிஸ்ட் மறந்துபோயிற்று.

அடுத்து நான் செய்ததை நீங்கள் எந்த ஊரிலும் செய்யாதீர்கள். அவர்கள் மூவரும் முன்னால் நடக்க, நான் கயிற்றைத் தாண்டிப் போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தேன். வேண்டுமென்றே செய்யவில்லை. கைப்பழக்கம். நான்கு கல் தட்டினேன். மூன்று கணீர். நான்காவது வேறு மாதிரி, கொஞ்சம் மந்தமாக. "இந்தக் கல் சரியில்லை" என்று சத்தமாகச் சொல்லியும் தொலைத்துவிட்டேன்.

முஹந்திஸுக்கு முகம் சிவந்துவிட்டது. கோபத்திலும் அவருக்கு நான் 'யா அகி', சகோதரன்தான். "யா அகி, அது மியூசியம்! உன் கேம்ப் சுவர் இல்லை!"

கென்ஜி குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்கிறார். நானும் அவரைப் பார்த்துக் குனிகிறேன். அந்த அம்மா மட்டும் நகராமல் நின்றார். பிறகு கயிற்றருகே வந்து, "எந்தக் கல்?" என்று கேட்டார். காட்டினேன். கையிலிருந்த ஃபைலைப் பிரித்தார். உள்ளே சுவரின் படம், கல் கல்லாக வரைந்து, சில கட்டங்களுக்கு மட்டும் சிவப்பு அடித்திருந்தார்கள். விரலை வைத்துத் தேடினார். நான் காட்டியது சிவப்புக் கட்டம். பழுதுபார்த்தபோது உடைந்ததை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்த கல்.

அவர் இடமும் வலமும் பார்த்தார். வேறு பார்வையாளர்கள் யாரும் இல்லை. பக்கத்திலிருந்த இன்னொரு கல்லைக் காட்டி, தலையை அசைத்தார். தட்டினேன். "பழசு." படத்தைப் பார்த்தார், சரி. அடுத்தது. "புதுசு." சரி. அடுத்தது, அதற்கடுத்தது. ஆறு கல்லில் ஐந்து சரியாகச் சொன்னேன். அந்த அம்மா சிறுபிள்ளை மாதிரி கைதட்டினார். கென்ஜியும் தட்டினார். வேறு வழியில்லாமல் முஹந்திஸும் தட்டினார். நான் கல்யாண வீடுகளில் சொல்கிற கதை இந்த இடத்தோடு முடியும். ஆறில் ஒன்று தப்பியதை அங்கேயெல்லாம் சொல்வதில்லை.

நியாயமாகப் பார்த்தால் அன்றைக்கு நான் கவனித்திருக்க வேண்டியது அதற்கப்புறம் வந்தது. வெளியே போகும் வழியில் ஒரு சிறு அறை. கண்ணாடிக்கு அடியில் தூரிகையால் எழுதிய ஒரு தாள். கட்டுமானத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் மேலிடத்துக்கு எழுதிய கடிதமாம். முதல் தடவை சுட்ட செங்கலைச் சரியென்று சொன்னவரும் அவர்தான். பாதிச் சுவர் ஏறிய பிறகு, 'நான் சரியென்று சொன்ன கல் சூட்டைத் தாங்காது, கட்டியதைப் பிரிக்க வேண்டும்' என்று அவரே எழுதியிருக்கிறார்.

"அப்புறம் அவரை என்ன பண்ணினாங்க?" என்று கேட்டேன்.

அந்த அம்மா யோசித்தார். "அதைப் பற்றி ஒன்றும் எழுதிவைக்கவில்லை. ஆனால் உலை நிற்கிறது."

"எங்க கம்பெனியா இருந்தா மறுநாளே எக்ஸிட் அடிச்சு ஊருக்கு அனுப்பியிருப்பாங்க" என்றேன். கென்ஜி அதை மொழிபெயர்க்கவில்லை. முஹந்திஸ் மட்டும் அந்தத் தாளை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு ஜப்பானி தெரியாது. எனக்குக் கடைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

குக்கரும் கேமராவுமாகத் தம்மாம் வந்து சேர்ந்தேன். கூடவே தலைக்கனமும் வந்தது, அதற்கு மட்டும் லக்கேஜ் காசு வாங்கவில்லை. இரண்டு மாதம் கழித்துச் செங்கல் வந்தது. மரப்பலகை மேல் அடுக்கி, தடித்த பிளாஸ்டிக் உறையால் காற்றுப் புகாமல் இறுக்கிச் சுற்றிய கட்டுகள். யார்டில் இறக்கிவைத்தோம். இந்த வகைச் செங்கல் ஆயிரத்து அறுநூறு டிகிரிச் சூட்டைத் தாங்கும், ஆனால் ஈரத்தைத் தாங்காது. ஈரக்காற்று பட்டுக்கொண்டே இருந்தால் உள்ளுக்குள்ளேயே ஊதி, பொரிந்து, மாவாகிவிடும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். உங்களுக்கு வகுப்பே எடுக்கிற அளவுக்குத் தெரியும்.

டூட்டி முடிந்ததும் ஆட்கள் வந்து கேட்பார்கள், "அண்ணே, ஜப்பான்ல தட்டினீங்களாமே, எப்படி?" நான் ஒரு கட்டின் உறையைக் கத்தியால் கீறி, ஒரு கல்லை எடுத்து, தட்டிக் காட்டுவேன். மறுநாள் இன்னொரு கூட்டம் வரும், பிரித்த கட்டு ஒரு மூலையில் கிடக்கும், கைக்கெட்டிய இன்னொரு கட்டைப் பிரிப்பேன். கேம்ப் சமையல்காரர் வந்தார். ஆபீசில் டைப் அடிக்கிற பையன்கள் வந்தார்கள். கென்ஜி மாதிரியே குனிந்து காட்டுவேன், அதற்குத் தனிக் கைதட்டல். பத்துப் பன்னிரண்டு நாளில் பதினொரு கட்டுகளைப் பிரித்திருந்தேன்.

கருப்பையா ஒரு நாள் வந்து நின்றார். "அண்ணே, பிரிச்ச உறைய டேப் போட்டு ஒட்டி, எல்லாத்தையும் ஷெட்டுக்குள்ள ஏத்திருவமா? இந்தக் காத்து நல்லால்லண்ணே."

ஆகஸ்ட் மாதம். ரூமை விட்டு வெளியே காலை வைத்தால் மூக்குக்கண்ணாடி பனி மூடிக்கொள்ளும். கடலையே காற்றாக அரைத்து விட்ட மாதிரி இருக்கும். அப்படிப்பட்ட காற்றில் நின்றுகொண்டு நான் சொன்னேன்: "ஏல, இது ஜப்பான் செங்கல்ல. அம்புட்டுச் சூட்ட தாங்குதது உன் காத்துக்கா பயப்படும்? கெடக்கட்டும்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டார். நான் ஃபோர்மேன், அவர் மேஸ்திரி. மேற்கொண்டு என்ன பேசுவார்?

அக்டோபரில் அடுக்க ஆரம்பித்தோம். மேற்பார்வைக்குக் கென்ஜியே ஜப்பானிலிருந்து வந்திருந்தார். திறப்பு விழாவுக்குப் பத்து நாள்தான் இருந்தது. முதலாளி வருகிறார், பெரிய மனிதர்கள் வருகிறார்கள் என்று வெளியே பந்தல் போடுகிற சத்தம் உலைக்குள் எங்களுக்குக் கேட்கும். முஹந்திஸ் மணிக்கு ஒரு தடவை எட்டிப்பார்த்து "யல்லா, யல்லா" என்று விரட்டுவார். இந்த உலை நேரத்துக்கு ஓடினால் அடுத்த பிளான்ட் மேனேஜர் அவர்தான் என்பது எல்லாருக்கும் தெரியும்.

ஒரு நாள் காலை, கென்ஜி ஆபீசில் மீட்டிங்கில் இருந்தார். கருப்பையா ஒரு கல்லைக் கையில் எடுத்தவர் வைக்காமல் நின்றார்.

"அண்ணே."

"என்னல?"

"இதத் தட்டிப் பாருங்க."

தட்ட வேண்டிய அவசியமே இல்லை. அவர் என்னிடம் நீட்டும்போதே அவருடைய மோதிரம் அதில் பட்டது. மொத்தென்று ஒரு சத்தம். நான் குனிந்து பலகையைப் பார்த்தேன். பிரித்த கட்டு. என் கத்தி கீறிய உறை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது.

தம்பிகளே, இந்த இடத்தில் உங்கள் ஃபோர்மேன் உடனே எழுந்து நின்று, "நிறுத்துங்கள்!" என்று கத்தினான் என்று எழுத எனக்கும் ஆசைதான். நான் சொன்னது: "நீ அடுக்குல." அவ்வளவுதான். கருப்பையா அடுக்கினார். நானும் அடுக்கினேன். இரண்டு வரிசை ஏறியது. அடுக்கும்போதெல்லாம் மனசுக்குள் கணக்கு ஓடுகிறது: பதினொரு கட்டுதானே, சுவருக்குள் கலந்துவிட்டால் யாருக்குத் தெரியும், ஜப்பான் காகிதம் சரியாக இருக்கிறது, முஹந்திஸ் கையெழுத்து இருக்கிறது, என் கையெழுத்தும் இருக்கிறது. அதற்குப் பிறகு கல் கெட்டால் அது கல்லின் குற்றம். அந்தக் காலை முழுக்க ஒரு தடவைகூட என் விரல் முட்டி எந்தக் கல்லையும் தொடவில்லை. கேட்கப் பயம்.

மதியம் சாப்பாட்டுக்கு வெளியே வந்தோம். உலையின் மேற்குப் பக்கம், சுவரை ஒட்டி ஒரு மேடை உண்டு. நிழலாக இருக்கும். கருப்பையா அங்கே போய் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்தார். அவருக்கு நேர் பின்னால், இரும்புத் தகட்டுக்கு அந்தப் பக்கம், காலையில் நாங்கள் அடுக்கிய இரண்டு வரிசை.

"அங்கன ஏன் உக்காருத? இங்க வா" என்றேன்.

"பழகிக்கிற வேண்டியதுதானண்ணே. ஒல ஓட ஆரம்பிச்சா நமக்கு டூட்டி இந்த மேடையிலதான்."

அவர் குத்திக்காட்டவில்லை. அப்படிப் பேசத் தெரியாத மனிதர். சொல்லிவிட்டுக் குழம்பைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்தார். நானும் டப்பாவைத் திறந்தேன். அந்தத் தகடு சிவப்பதும், ஓர் இடத்தில் உருகிய இரும்பு பொத்துக்கொண்டு வருவதும் கண்ணுக்கு முன்னால் ஓடியது. நான் அப்படி ஒன்றை இன்னோர் ஆலையில் பார்த்திருக்கிறேன். அதை இங்கே எழுதப்போவதில்லை. கண்ணாடிக்கு அடியில் இருந்த அந்தத் தாளும் ஞாபகம் வந்தது. அதனால் தைரியம் வந்தது என்று சொன்னால் பொய். ஒருத்தன் முன்னாலேயே இதைச் செய்து தொலைத்திருக்கிறான் என்று மட்டும் தோன்றியது. டப்பாவை மூடிவிட்டு முஹந்திஸின் அறைக்குப் போனேன்.

"சார், இன்னைக்குக் கட்டுனத பிரிக்கணும்."

அவர் டீயில் சர்க்கரை போட்டுக்கொண்டிருந்தார். நான்காவது ஸ்பூன் நடுவழியில் நின்றது. "என்ன சொல்கிறாய்?"

சொன்னேன். உறையை நான் பிரித்தது, எதற்காகப் பிரித்தது, கருப்பையா சொல்லியும் மூடாமல் விட்டது, காலையில் தெரிந்தும் இரண்டு வரிசை ஏற்றியது. எல்லாம். அவர் அரபிக்கு மாறினார். பத்து நிமிடம் பேசியிருப்பார். எனக்குப் புரிந்தது கழுதை என்ற சொல் ஒன்றுதான், அது பல தடவை வந்தது.

பிறகு எழுந்து யார்டுக்கு நடந்தார். பிரித்த கட்டிலிருந்து ஒரு கல்லை எடுத்துத் தரையில் வைத்து, சுத்தியலால் அவரே அடித்தார். அடித்த அடிக்குக் கல் சில்லாகத் தெறிக்கவேண்டும். அது பிட்டு மாதிரி உதிர்ந்தது. உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பொடி. அவர் அதை விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் நான் ஒன்று சொன்னேன். இன்றைக்கும் நினைத்தால் கூசும். "சார், கப்பல்லயே உறை கிழிஞ்சு வந்துச்சுன்னு எழுதிருவோமா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். கத்தவில்லை. "இந்த உறையைக் கட்டிய பையன் யார்?"

நான் குனிந்து உறையைப் பார்த்தேன். ஒவ்வொரு கட்டின் மேலும் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. பேக்கிங்கைச் சரிபார்த்தவர் கையெழுத்து என்று ஜப்பானியில் ஒரு கிறுக்கல். அது கென்ஜியுடையது.

"கலாஸ், போதும்" என்றார் முஹந்திஸ். "போய்ப் பிரி."

கென்ஜியைக் கூப்பிட்டுச் சொன்னோம். அவர் மேல்சட்டையைக் கழற்றி மடித்து வைத்துவிட்டு, எங்களோடு உலைக்குள் இறங்கினார். அடுக்கிய கல்லைப் பிரித்து, அடுத்த மூன்று நாள் யார்டில் இருந்த ஒவ்வொரு கல்லையும் தட்டித் தட்டி நல்லது வேறு, கெட்டது வேறாக வைத்தோம். நான் உறை கீறாத கட்டுகளில் ஒரு கல்கூடக் கெடவில்லை. பேக்கிங் அவ்வளவு நல்ல பேக்கிங். மொத்தென்று கேட்டதெல்லாம் என் பதினொரு கட்டுகளில் இருந்தவைதான். சில கற்களில் எனக்குச் சந்தேகம் வந்தபோது கருப்பையாவிடம் நீட்டினேன். அவர் காதருகே வைத்துத் தட்டி, ஒரு பக்கமாகப் போட்டார். அவர் ஒன்றிலும் தவறவில்லை. என்னைவிட நல்ல காது. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு அத்தனை நாள் ஆகியிருந்தது.

திறப்பு விழா தள்ளிப்போனது. புதுச் செங்கல் வரும் வரைக்கும் வெளியே பந்தல் வெயிலில் காய்ந்து, துணி கிழிந்து, கடைசியில் அவிழ்த்துக் கொண்டுபோனார்கள். முதலாளி ஆபீசிலிருந்து இரண்டு பேர் விசாரிக்க வந்தார்கள். முஹந்திஸ் மட்டும் உள்ளே போனார். கதவு சாத்தியிருந்தது, ஆனாலும் சத்தம் காரிடார் வரைக்கும் கேட்டது. என் முறை வரும் என்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கூப்பிடவே இல்லை.

எக்ஸிட் அடிப்பார்கள் என்று ரூமில் பெட்டியைக் கட்டிவைத்தேன். ஒரு வாரம் ஆனது. இரண்டு வாரம் ஆனது. கட்டிய பெட்டியிலிருந்தே தினமும் சட்டையை உருவி உருவிப் போட்டுக்கொண்டு டூட்டிக்குப் போனேன். ரூமில் இருந்தவர்கள், "என்ன ஃபோர்மேன், ஏர்போர்ட்டா, சைட்டா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். ஆபீசிலிருந்து ஒருவரும் வந்து என்னை எதுவும் கேட்கவில்லை.

புதுச் செங்கல் வந்தது. அதை ஷெட்டுக்குள் ஏற்றிப் பூட்டி, சாவியைக் கருப்பையாவிடம் கொடுத்தேன். உலை ஓடியது, நன்றாகவே ஓடியது. மேற்கு மேடையில் கருப்பையா டூட்டி பார்த்தார். நானும் கூட நின்றேன். பிளான்ட் மேனேஜர் பதவிக்கு வெளியிலிருந்து ஒருவர் வந்தார். முஹந்திஸ் தன் பழைய அறையிலேயே இருந்தார். அவருக்கு நேரம் சரியில்லை என்று ஆபீசில் பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதாவது, அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருந்தது.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு வரைபடம் தேடி ஃபைல் அறைக்குப் போனேன். அந்த விசாரணையின் நகல் கையில் சிக்கியது. இங்கிலீஷில் ஒரு ஃபாரம். நடந்தது என்ன, நஷ்டம் என்ன, காரணம் என்ன என்று வரிசையாகக் கட்டங்கள். நான் சொன்னது எல்லாம் அப்படியே இருந்தது: உறைகள் யார்டில் பிரிக்கப்பட்டன, மூடப்படவில்லை, ஷெட்டில் ஏற்றப்படவில்லை. கப்பலைப் பற்றி ஒரு வரி இல்லை. கென்ஜியைப் பற்றி ஒரு வரி இல்லை. கடைசியில் ஒரு கட்டம். உறையைப் பிரிக்க உத்தரவிட்டவர் பெயர். அதில் முஹந்திஸ் தன் பெயரை எழுதியிருந்தார்.

அந்தத் தாளோடு அவர் அறைக்குப் போனேன். டீ குடித்துக்கொண்டிருந்தார். மேசைமேல் வைத்தேன்.

"சார், இது என் பேர் வரவேண்டிய இடம்."

எட்டிப் பார்த்தார். "ஆமாம். முதலில் உன் பெயரைத்தான் எழுத நினைத்தேன், யா அகி. ஆனால் இந்தியப் பெயர் ரொம்ப நீளம். கட்டம் இத்தனூண்டு. அடங்காது."

"சார்..."

"கலாஸ். ஃபைலை எடுத்த இடத்தில் வை. போகும்போது கதவைச் சாத்து, ஏசி வீணாகிறது."

வெளியே வந்து மறுபடியும் அந்தத் தாளைப் பார்த்தேன். பாஸ்போர்ட்டில் என் பெயர் அந்தோணி சவரிமுத்து, அவ்வளவுதான். அவருடையது அவர்கள் ஊர் வழக்கப்படி தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், அதற்கு மேல் குடும்பப் பெயர். நான்கையும் நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தார். கடைசி மூன்று எழுத்துக்கு இடம் போதாமல், கட்டத்தின் கோட்டைத் தாண்டி வெளியே போயிருந்தது.